நாலு பச்சை

ஏழு பதினெட்டு வெள்ளவத்தையில்
ஏழரையாகிறது, வழமைபோல.
மூன்றாம் பெட்டி, கடற்பக்க யன்னல்.
மொறட்டுவையிலிருந்தே கைப்பையை வைத்து
எனக்கென்று சீட்டுப் பிடித்து வருவாள் உதாரி.
குட் மோர்னிங் கிடையாது. போனை நீட்டுவாள்.
ஐந்து கட்டம். ஒளித்துவைத்த ஓர் ஆங்கிலச் சொல்.
ஆறு தரம் முயலலாம்.
கோட்டைக்கும் ஆறு ஸ்டேஷன்தான்,
வெள்ளவத்தையையும் சேர்த்தால்.
ஸ்டேஷனுக்கு ஒரு சொல். நாங்களே போட்ட சட்டம்.

எனக்கு ஆங்கிலம் டைப்பிங் வகுப்பில் வந்தது,
அவளுக்கு வங்கிப் பரீட்சைக்காக.
வாடகை வீட்டில்போல அதற்குள் இருக்கிறோம்,
சுவரில் ஆணி அடிக்கப் பயந்து.

முதற்சொல் எப்போதும் அவளுடையது: ஸ்டேர்.
முறைத்துப் பார்ப்பது. எங்கள் பழக்கம் தொடங்கியதும்
அப்படித்தான், ஒரு சீட்டுக்காக.
இன்று எஸ் சாம்பல். மற்ற நாலும் மஞ்சள்.
மஞ்சள் என்றால் எழுத்து சரி, இடம் பிழை.
என் அடையாள அட்டையை முன்னொரு காலம்
திருப்பித் திருப்பிப் பார்த்த பொலிஸ்காரர்
சொல்ல நினைத்ததும் அதுதானோ என்னவோ.
அவருக்கு ஆறு தரம் தேவைப்படவில்லை.

பம்பலப்பிட்டி. கல்லில் அடிபட்டு
எழும்பிய கடல்
யன்னலுக்குள் உப்புத் தூவுகிறது.
"வோட்டர்" என்றேன்.
டபிள்யூ செத்தது, பின்னால் நாலும் பச்சை!
உதாரிக்குச் சிரிப்பு. "வதுர," என்கிறாள்,
"பார், எங்கட சொல்லிலயும் அதே எழுத்துகள்.
உங்கட தண்ணீர்தான் தனிய நிக்குது."
விரல் மடித்து எண்ணிக் காட்டினேன்:
த, ண், ணீ, ர். வோ, ட், ட, ர்.
தமிழில் எழுதினால் இரண்டுக்கும் நாலு கட்டம்.
என்ன கணக்கு இது என்றாள்.

இனி முதற்கட்டம் மட்டும் காலி.
கொள்ளுப்பிட்டியில் சிக்னலுக்குக் கிடந்தோம்.
எல் போட்டாள்: லேட்டர்.
பிறகு பார்ப்போம் என்றது ரயிலும். சாம்பல்.
கொம்பனித்தெருவில் சி: கேட்டர்.
கல்யாண வீட்டுக்குச் சோறு சப்ளை செய்வது.
அதுவும் சாம்பல்.
கம்பியில் தொங்கியபடி எட்டிப் பார்த்த ஒருவர்
"டேட்டர், டேட்டர்" என்றார். உருளைக்கிழங்காம்.
நாங்கள் நம்பவில்லை.
நாலு எழுத்தும் அசையாமல் நிற்க,
முன்னால் வருபவரைப் பார்த்து
சத்தத்தை மாற்றிக்கொள்ளும் மொழி.

செக்ரட்டேரியட்.
மிச்சமிருப்பது எது என்று இருவருக்கும் தெரியும்.
அவள் பெருவிரல் எச்சுக்கு மேலே போய் நின்றது.
ஹேட்டர். வெறுப்பவர்.
வெறும் சொல், அகராதியில் கிடப்பது.
ஆனாலும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் யன்னலுக்கு வெளியே
பார்க்க ஒன்றுமில்லாத மதிலைப் பார்த்தேன்.
"நீ போடு" என்றாள்.
"உன்ர போன்" என்றேன்.
அதற்குள் கோட்டை.
சனம் எங்களை
இரண்டு வாசலால் இறக்கிவிட்டது.

பத்து மணி. கப்பல் கொம்பனியில்
கொள்கலன் இலக்கங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
படம் ஒன்று வந்தது.
ஐந்தாம் வரியில் அந்தச் சொல்,
நானில்லாத இடத்தில் இருந்து போட்டிருக்கிறாள்.
எச் சாம்பல்.
ஆறாம் வரி முழுப் பச்சை: ஈட்டர்.
ஈ ஏற்கெனவே உள்ளே இருந்ததால்
இன்னொரு ஈயை நாங்கள் தேடவேயில்லை.
ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருக்கலாம்,
விதி அதைத் தடுக்கவில்லை.

கீழே கேட்டிருந்தாள்: "தமிழில் என்ன?"
சாப்பாட்டுராமன் என்று அனுப்பினேன்.
எட்டுக் கட்டம் வேணும்.
பன்னிரண்டரைக்கு வா,
கருவாட்டுக் குழம்பு, இரண்டு பேருக்குக் காணும்.
நாளைக்கு முதற்சொல் என்னுடையது.